பதின்வயதுப் பிள்ளையோடு வெளிநாடு போகிறீர்களா? பாடசாலைத் தெரிவு பற்றித் திருகோணமலைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தரம் 8 முதல் 13 வரை படிக்கும் பிள்ளையோடு கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, வளைகுடா அல்லது ஐரோப்பிய நாடொன்றுக்குப் போக ஆயத்தப்படும் குடும்பங்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். சின்னப் பிள்ளைகளை எந்த வகுப்பில் விட்டாலும் ஒரு வருடத்துக்குள் ஒட்டிக்கொள்வார்கள். பதின்வயதில் பொதுப் பரீட்சை, பாடத் தெரிவு, பல்கலைக்கழக நுழைவு மூன்றும் நாலைந்து வருடத்துக்குள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒரு தவணை பிசகினால் ஒரு வருடம் போய்விடும்.

நல்ல பாடசாலை எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரைத் தேடுவதைக் கடைசிக்கு வையுங்கள். நமது ஊரில் பாடசாலை என்றவுடன் பெயர்தான் முன்னுக்கு வரும்: கோணேஸ்வராவா, சண்முகாவா, சென் ஜோசப்பா, சென் மேரிஸா, சாஹிராவா என்று தரம் ஒன்றிலேயே அந்த ஓட்டம் தொடங்கிவிடும். அங்கே அரச பாடசாலையில் இடம் கிடைப்பது பெரும்பாலும் வீட்டு விலாசத்தைப் பொறுத்தது. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கமுன், அந்த விலாசத்துக்கு எந்த உயர்நிலைப் பாடசாலை என்று உள்ளூர்க் கல்விச் சபையின் இணையத்தளத்தில் பாருங்கள். ஒரே வீதியின் இரண்டு பக்கமும் இரண்டு பாடசாலைகளுக்குப் போகும் இடங்கள் உண்டு.

பெயரைவிட முக்கியமானவை மூன்று. பிள்ளை எந்த வகுப்பில் சேர்கிறார், எந்த மாதத்தில் சேர்கிறார், முதல் கிழமையில் அவருக்கு எந்தப் பாடங்களைப் போடுகிறார்கள். சாதாரணப் பாடசாலையில் சரியான வகுப்பில் சேர்ந்த பிள்ளை மேலே வந்துவிடுவார். பொதுப் பரீட்சைக்கு ஏழு மாதம் இருக்கும்போது பேர்பெற்ற பாடசாலையில் போய் உட்கார்ந்தவர்தான் திணறுவார்.

இங்கே தரம் 10. அங்கேயும் 10தானே?

இல்லாமலும் இருக்கலாம். பெரும்பாலான நாடுகளில் வகுப்பைப் பிறந்த திகதியை வைத்தே முடிவு செய்வார்கள். நாடு மாறினால் வெட்டுத் திகதியும் மாறும். நமக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தி என்பது கணக்கு. இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்த ஆண்டு மட்டும்தான்.

2017இல் தரம் 1இல் ஒரே வாங்கில் இருந்த மூன்று பிள்ளைகளை எடுத்துப் பார்ப்போம். 2011 மார்ச்சில் பிறந்தவர், 2011 ஒக்டோபரில் பிறந்தவர், 2012 ஜனவரி நடுப்பகுதியில் பிறந்தவர். மூவருக்கும் 2026இல் இங்கே தரம் 10. 2026 செப்டெம்பரில் ஒன்ராறியோ போனால் முதல் இருவருக்கும் 10ஆம் வகுப்பு, மூன்றாமவருக்கு 9ஆம் வகுப்பு. இங்கிலாந்து போனால் மார்ச்சுப் பிள்ளைக்கு இயர் 11, மற்ற இருவருக்கும் இயர் 10. இயர் 10, 11 இரண்டும் சேர்ந்துதான், நமது சாதாரண தரம் போன்ற ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சைக்கான இரண்டு வருடப் படிப்பு. மார்ச்சுப் பிள்ளை முதல் வருடத்தைப் படிக்காமலே இரண்டாம் வருடத்தில் போய் விழுகிறார். அப்படியானால் இயர் 10இலேயே சேர்க்கும்படி கேட்கலாம். பாடசாலை கட்டாயம் இணங்க வேண்டும் என்றில்லை, கேட்காவிட்டால் கிடைக்காது.

சாதாரண தரம் எழுதிவிட்டுப் போவதா, முன்னரே போவதா?

பரீட்சைக்கு மூன்று, நாலு மாதம்தான் இருக்கிறதென்றால் எழுதிவிட்டுப் போங்கள். ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறதென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இடைப்பட்ட காலத்துக்குத்தான் யோசனை தேவை.

எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதினாறு வயதில் பிள்ளையின் கையில் இருக்கக்கூடிய ஒரே அரச பரீட்சைச் சான்று அதுதான். திரும்பி வர நேர்ந்தால் உயர்தரத்துக்கு அதுதான் வாசல். இங்கிலாந்தில் இயர் 12க்கு விண்ணப்பிக்கும்போது கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானப் பெறுபேறுகளைக் கேட்பார்கள். இயர் 12, 13 நடத்தும் சிக்ஸ்த் போர்ம் கல்லூரிகள், வெளிநாட்டுச் சான்றிதழ்களை அந்நாட்டுத் தரத்தோடு ஒப்பிடும் யூ.கே. எனிக் என்ற அமைப்பின் ஒப்பீட்டுக் கூற்றையும் கேட்கலாம். ஆக, இங்கிலாந்து போகும் பிள்ளைக்கு இரண்டு நல்ல வாசல்கள்: இயர் 10 தொடங்கும் செப்டெம்பர், அல்லது சாதாரண தரம் முடித்து இயர் 12 தொடங்கும் செப்டெம்பர். இரண்டுக்கும் நடுவில் போகாமலிருக்க முடியுமானால் போகாதீர்கள்.

ஒன்ராறியோவில் கதை வேறு. அங்கே ஒரு பெரிய பரீட்சை கிடையாது, பாடம் பாடமாகக் கிரெடிட் (பாடம் ஒன்றை முடித்ததற்கான அலகு) சேர்ப்பதுதான் முறை. முன்னதாகப் போகும் பிள்ளைக்கு மொழியைப் பிடிக்கக் கூடுதல் காலம் கிடைக்கும்.

விமானச்சீட்டு எடுக்கமுன் பரீட்சைக் கால அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். டிசம்பரில்தான் பரீட்சை என்ற பழைய கணக்கை அப்படியே நம்ப முடியாது. 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 மேயில் தொடங்கியது. 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 மேயிலும், 2024ஆம் ஆண்டுக்குரியது 2025 மார்ச்சிலும் நடந்தன. பெறுபேறு வர இன்னும் சில மாதம் எடுக்கும். பிள்ளை போன பிறகு பெறுபேறு வருமானால், பாடசாலையில் சான்றிதழை வாங்க உறவினர் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் எழுதி, அதிபருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பிள்ளை உயர்தரம் படித்துக்கொண்டிருக்கிறார். பாதியில் நிறுத்தலாமா?

தரம் 12இன் தொடக்கம் என்றால் போகலாம், இழப்பு குறைவு. தரம் 13இல் இருக்கிறார், பரீட்சைக்கு ஆறேழு மாதம்தான் என்றால், பெற்றோரில் ஒருவரோ பெரியம்மாவோ கூட நின்று முடித்துவிட்டுப் போக வழியிருக்கிறதா பாருங்கள். மூன்று பாடச் சித்தியுள்ள உயர்தரச் சான்றிதழைக் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் நேரடி நுழைவுக்கே ஏற்கின்றன. பாதியில் விட்ட உயர்தரத்துக்குப் பல்கலைக்கழக நுழைவில் மதிப்பில்லை. ஒன்றரை வருட உழைப்பு ஒரு கடிதத்தின் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். நிரந்தர வதிவிட விசாவில் போகிறவர்கள், அதில் குறித்த திகதிக்குள் போய் இறங்கியே ஆகவேண்டும். பரீட்சைக்காக அந்தத் திகதியைத் தவற விடாதீர்கள்.

ஒன்ராறியோவில் கிரெடிட் என்கிறார்களே, அது எப்படி?

உயர்நிலைக் கல்வி 9 முதல் 12ஆம் வகுப்பு வரை. டிப்ளோமா பெற 30 கிரெடிட், எழுத்தறிவுத் தகைமை, 40 மணித்தியாலச் சமூக சேவை ஆகியவை வேண்டும். வருடத்துக்கு 8 கிரெடிட் எடுப்பது வழமை. பெரும்பாலான பாடசாலைகளில் செப்டெம்பர் முதல் ஜனவரி வரை நாலு பாடம், பெப்ரவரி முதல் ஜூன் வரை நாலு பாடம். ஆகவே செப்டெம்பர் தொடக்கத்திலோ பெப்ரவரி தொடக்கத்திலோ போய்ச் சேர்வது நல்லது. நவம்பரில் சேரும் பிள்ளைக்கு அந்த அரையாண்டுக் கிரெடிட்டுகள் கைக்கு வராமல் போகலாம்.

இங்கே படித்த வகுப்புகளுக்கு எத்தனை கிரெடிட் கொடுப்பது என்பதை அங்குள்ள அதிபர், நீங்கள் கொண்டுபோகும் தேர்ச்சி அறிக்கைகளைப் பார்த்து முடிவு செய்வார். அறிக்கை இல்லாவிட்டால் முடிவு பாதகமாகப் போகலாம். பெரிய கல்விச் சபைகளில், பாடசாலைக்குப் போகமுன் புதிதாக வந்தவர்களுக்கான வரவேற்பு நிலையத்தில் ஆங்கிலமும் கணிதமும் சோதிப்பார்கள். இதைப் பரீட்சை மாதிரி எண்ணிப் பயப்படவும் வேண்டாம், அக்கறையில்லாமல் எழுதவும் வேண்டாம். முந்தின நாள்தான் விமானத்தால் இறங்கிய பிள்ளையை, அரை நித்திரையில் அங்கே கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள். நாலு நாள் கழித்துத் திகதி கேளுங்கள்.

அங்கே ஈ.எஸ்.எல். என்பது ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கான பாடம். ஏ முதல் ஈ வரை ஐந்து படி. ஈ.எல்.டி. என்பது வேறு, அது பாடசாலைக் கல்வி தடைப்பட்ட பிள்ளைகளுக்கானது. ஊரில் ஒழுங்காகப் படித்த பிள்ளையை அதில் போட்டால், தேர்ச்சி அறிக்கையைக் காட்டிக் கேள்வி கேளுங்கள். ஈ.எஸ்.எல். வகுப்பை வெட்கம் என்று நினைத்து விடுவிக்கக் கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அது தேவையில்லாத அவசரம்: அதில் மூன்று கிரெடிட் வரை கட்டாய ஆங்கிலக் கிரெடிட்டாகவே எண்ணப்படும்.

பெரிய பிழை நடப்பது 11ஆம் வகுப்புக் கணிதத்தில். 11, 12ஆம் வகுப்புப் பாடங்களில் பல்கலைக்கழக வழி, கல்லூரி வழி, வேலை வழி என்று பிரிவுகள் உண்டு. ஆங்கிலம் குறைவு என்பதற்காகக் கணிதத்திலும் இலகுவான பிரிவில் போட்டுவிடுவார்கள். பிள்ளையும் சந்தோஷமாக இருந்துவிடுவார், நூற்றுக்குத் தொண்ணூறு வருமே! பொறியியலுக்கு 12ஆம் வகுப்பில் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கல்குலஸ் (இரண்டும் கணிதப் பாடங்கள்), பௌதிகம், இரசாயனம், ஆங்கிலம் ஐந்தும் பல்கலைக்கழகப் பிரிவில் வேண்டும். அந்தக் கணிதத்துக்கு 11இல் வரும் ஃபங்ஷன்ஸ் பாடம்தான் ஏறும் படி. படியைத் தவறவிட்டால் கோடை வகுப்பிலோ இன்னொரு வருடத்திலோதான் திரும்ப ஏறவேண்டும். ஆகவே முதல் சந்திப்பிலேயே வழிகாட்டல் ஆலோசகரிடம், “கணிதமும் விஞ்ஞானமும் பல்கலைக்கழகப் பிரிவில் வேண்டும், ஆங்கிலத்துக்கு ஈ.எஸ்.எல். போதும்” என்று சொல்லுங்கள்.

கத்தோலிக்கக் கல்விச் சபைப் பாடசாலைகளும் அங்கே அரச செலவில்தான் நடக்கின்றன. உயர்நிலை வகுப்புகளுக்குக் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் சேரலாம். வீட்டுக்கு இரண்டு தெரிவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சித்தப்பாவின் விலாசத்தைக் கொடுத்து நல்ல பாடசாலையில் சேர்க்கலாமா?

உண்மையில் அங்கே குடியிருந்தால் கொடுங்கள், அந்த வீட்டாரின் கடிதமும் விலாசச் சான்றும் கேட்பார்கள். குடியிராமல் கொடுக்காதீர்கள். பிழையான விலாசத்தில் பெற்ற இடத்தை இங்கிலாந்தில் திரும்ப எடுக்க முடியும். அது பரீட்சை வருடத்தின் நடுவில் நடந்தால் பிள்ளை போக இடமில்லாமல் நிற்பார்.

இங்கிலாந்தில் வருட நடுவில் போனால் இடம் கிடைக்குமா?

உள்ளூராட்சிச் சபைக்கோ நேரே பாடசாலைக்கோ இடைக்காலச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்கே என்பது சபைக்குச் சபை மாறும். முடிவை 15 பாடசாலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது விதி. மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். ஹரோ, ஈஸ்ட்ஹாம் போல நமது சனம் நெருங்கி வாழும் இடங்களில் விருப்பமான பாடசாலை நிரம்பியிருப்பது சாதாரணம். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, விரும்பிய பாடசாலையின் காத்திருப்புப் பட்டியலிலும் பெயரைப் போடுங்கள். வீட்டில் இருத்தி வைத்துக் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் நட்டம்.

இடம் கிடைத்ததும் கேட்க வேண்டியது: ஜி.சி.எஸ்.ஈ.க்கு எந்தப் பரீட்சைச் சபையின் பாடத்திட்டம், இதுவரை எந்த அலகுகள் முடிந்தன. பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாக உண்டு. ஆங்கில இலக்கியத்தில் ஒரு முழு நாடகம் முடிந்திருக்கும், அதை விடுமுறையில் வாசித்தே ஆகவேண்டும். பதினாறுக்குப் பிறகு, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 4ஆம் நிலை இல்லாதவர் அவற்றைத் தொடர்ந்து படிக்க வேண்டும். இயர் 12 என்றால் ஏ லெவல் மட்டும்தான் என்றில்லை. ரீ லெவல், பீடெக் என்ற தொழில்சார் படிப்புகள் வழியாகவும் பல்கலைக்கழகம் போகலாம்.

அவுஸ்திரேலியாவில்?

பாடசாலை வருடம் ஜனவரி கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடியும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு பொறி இருக்கிறது: இயர் 12 படிப்பு முந்திய வருடம் ஒக்டோபரிலேயே, நாலாம் தவணையில் தொடங்கிவிடும். ஜனவரியில் போய் இயர் 12இல் சேரலாம் என்று நினைத்தால் ஒரு தவணை போயிருக்கும். இயர் 11 தொடக்கத்தில் சேருவதுதான் ஒழுங்கு. ஆங்கிலம் குறைந்த பிள்ளைகளுக்கு அங்கே தீவிர ஆங்கில நிலையங்கள் தனியாக உண்டு. ஆங்கில மொழிமூலத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் படிக்காதவர், இயர் 12 முடிவில் வரும் எச்.எஸ்.சி. பரீட்சையில் அதற்கென்றே உள்ள ஆங்கிலப் பாடத்தை எடுக்கலாம். தற்காலிக விசாவில் போனால் அரச பாடசாலைக்கும் கட்டணம் வரலாம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு குடும்பத்தின் சேமிப்பையே அது தின்னக்கூடும், ஆகவே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடமுன் கணக்குப் பாருங்கள்.

டுபாய், கட்டார், ஓமான்? சில வருடத்தில் திரும்பி வருவோம்.

திரும்பி வருவீர்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். இலங்கை அரச பல்கலைக்கழகங்களின் வழமையான அனுமதி இலங்கை உயர்தர இசட் புள்ளியில் நடக்கிறது. வளைகுடாவில் லண்டன் ஏ லெவல் முடித்த பிள்ளைக்கு அந்த வாசல் அப்படியே திறந்திருக்காது. தரம் 9, 10இல் உள்ள பிள்ளை அரச பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வேண்டும் என்றால், தாயோடு ஊரில் இருந்து உயர்தரம் முடிப்பதையும் ஒரு தெரிவாக வைத்துப் பேசுங்கள்.

போவதென்றால், வெளிநாட்டவர் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலைதான். இந்திய சீ.பி.எஸ்.ஈ. பாடத்திட்டம் செலவு குறைவு. ஆனால் அதன் 10ஆம், 12ஆம் வகுப்புகளில் நேரடியாகச் சேர்வது கடினம், 9 அல்லது 11இல்தான் சேர வேண்டும். வருடமும் ஏப்ரலில் தொடங்கும். பிரித்தானியப் பாடத்திட்டத்தில் இயர் 10 அல்லது இயர் 12, பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசி. தோஹாவிலும் மஸ்கட்டிலும் இலங்கைப் பாடசாலைகள் உண்டு. அங்கும் படிப்பு ஆங்கில மொழிமூலம், லண்டன் பரீட்சை வழி என்பதை அறிந்து போங்கள். அமீரகத்தில் 9ஆம் வகுப்பு வரை அரபு கட்டாயம். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வியும் கட்டாயம். கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளுக்கு இது சுமையாக இராது. விடுகைப் பத்திரம் இங்கே வெளிநாட்டமைச்சிலும், கொழும்பிலுள்ள அந்த நாட்டுத் தூதரகத்திலும் உறுதிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாமல் போய் இறங்கினால், ஊரிலுள்ள ஒருவர்தான் உங்களுக்காகக் கொழும்புக்கு அலைய வேண்டும்.

பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி போகிறோம். மொழியே தெரியாது.

அங்கே முதல் வருடம் மொழிக்குத்தான். பிரான்ஸில் புதிதாக வந்த பிள்ளையின் பிரெஞ்சு அறிவையும் தாய்மொழிக் கல்வியையும் சோதித்து, பாடசாலைக்குள்ளேயே மொழி வகுப்போடு சேர்ப்பார்கள். ஜேர்மனியிலும் ஆயத்த வகுப்புகள் உண்டு. பதினாறைத் தாண்டிய பிள்ளைக்கு இடம் கிடைப்பது கடினமாகும், ஆகவே பதினைந்தில் உள்ள பிள்ளைக்காக ஒரு வருடம் தாமதிக்க வேண்டாம்.

சுவிஸிலும் ஜேர்மனியிலும் தொழில் பயிலுநர் வழியை நமது பெற்றோர் தாழ்வாகப் பார்க்கிறார்கள். அது பெரிய பிழை. அங்கே அது சம்பளத்தோடு மூன்று, நாலு வருடம் படிக்கும் முறை. முடித்தபின் மேற்படிப்புக்கும் பாதை இருக்கிறது. மொழி இன்னும் பிடிபடாத பதினாறு வயதுப் பிள்ளைக்கு, பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் ஜிம்னாசியம் என்ற உயர்நிலைப் பாடசாலையைவிட அதுவே பல வேளை பொருத்தம்.

என்னென்ன ஆவணங்கள், எந்த ஒழுங்கில்?

விமானத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது தொடங்குங்கள்.

முதலில் கடைசி மூன்று வருடத் தேர்ச்சி அறிக்கைகள், ஒவ்வொரு தவணையும். தொலைந்திருந்தால் வகுப்பாசிரியரிடம் புள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும்படி கேளுங்கள். அதிபரின் கடிதத் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: சேர்ந்த திகதி, படித்த வகுப்புகள், பயிற்று மொழி தமிழ் என்பது, வாரத்துக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை பாடவேளை, புள்ளி முறை. இந்தப் புள்ளி முறை வரியை விட்டுவிடாதீர்கள். சாதாரண தரத்தில் 75 முதல் ஏ, 65 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் எஸ், அதற்குக் கீழ் டபிள்யூ. ஒன்ராறியோவில் 50தான் சித்தி. விளக்கம் இல்லாமல் எஸ் என்ற எழுத்தைப் பார்ப்பவருக்கு அது சித்தியா இல்லையா என்றே தெரியாது. சான்றிதழில் 2023 என்றும் பரீட்சை எழுதியது 2024 மே என்றும் இருந்தால், அதையும் ஒரு வரியில் விளக்கச் சொல்லுங்கள்.

பிறகு பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரே செய்ய வேண்டும். பரீட்சைச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களமும், அதன்பின் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவும் உறுதிப்படுத்தும். கொன்சியூலர் பிரிவுக்குக் கொழும்புக்கு வெளியே பிராந்திய அலுவலகங்களும் உண்டு. அதிபரின் கையொப்பத்தை எங்கே உறுதிப்படுத்துவது என்று முதலில் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போனால், இரவு பஸ்ஸில் கொழும்பு போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிராது.

விடுகைப் பத்திரத்தைக் கடைசியாக எடுங்கள். அதை எடுத்தவுடன் பிள்ளையின் பெயர் இடாப்பிலிருந்து வெட்டப்படும். விசா மறுக்கப்பட்டால் அதே பாடசாலையில், அதே வகுப்பில் திரும்பச் சேர்ப்பது இலேசான காரியமல்ல. விசா கையில் வரும்வரை, பிள்ளை இங்கே படிக்கிறார் என்ற உறுதிப்படுத்தல் கடிதமே போதும்.

பெயரில் என்ன பிரச்சினை வரும்?

நமது பிள்ளைக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தகப்பன் பெயர் விழும். பாடசாலை இடாப்பில் ஆசிரியர் முதல் நாள் “சிவராசா” என்று கூப்பிட, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் துஷ்யந்தன் பேசாமல் இருப்பான். சேர்க்கைப் படிவத்தில் “கூப்பிடும் பெயர்” என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்புங்கள். எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே ஆங்கில எழுத்துகளா? இல்லையென்றால், மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக்கொண்டு போங்கள்.

தடுப்பூசி?

பிள்ளை பிறந்தபோது கிளினிக்கில் தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். பாடசாலையில் போட்ட ஊசிகள் அதில் பதியப்படாமல் இருக்கும். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி முத்திரையிட்டு வாங்குங்கள். ஒன்ராறியோவில் பதிவைக் காட்டாத மாணவரைப் பாடசாலையிலிருந்து இடைநிறுத்தவும் முடியும். 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குச் சின்னம்மை (கொப்புளிப்பான்) ஊசியும், ஒருவகை மூளைக்காய்ச்சலுக்கான மெனிஞ்சோகொக்கல் ஊசியும் அங்கே கேட்பார்கள். நமது தேசிய அட்டவணையில் இவை இல்லை, போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

இருக்கும் சில மாதத்தில் ஆங்கிலத்துக்கு என்ன செய்யலாம்?

பேச்சு ஆங்கில வகுப்புக்குக் கொடுக்கும் காசில் பாதியையாவது மிச்சம் பிடிக்கலாம். பேச்சு அங்கே போய் வந்துவிடும். பிள்ளையை வகுப்பில் ஊமையாக்குவது பாடச் சொற்கள்தான். ஆர்முடுகலுக்குக் கணக்குச் செய்து நூறு எடுத்த பிள்ளை, “அக்செலரேஷன்” என்றதும் விழிப்பார். திணிவு, அமுக்கம், உந்தம், ஒளித்தொகுப்பு, கலப்பிரிவு எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்பதைச் சொல்லத்தான் சொல் இல்லை.

இதற்கு இலவச மருந்து இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அரச பாடநூல்களின் ஆங்கில மொழிமூலப் பதிப்பை இறக்கிக்கொள்ளலாம். தமிழ்ப் புத்தகத்தில் உள்ள அதே அத்தியாயம், அதே படம். தரம் 9 முதல் 11 வரையான கணிதம், விஞ்ஞானம் இரண்டையும் தமிழ்ப் புத்தகத்துக்குப் பக்கத்தில் திறந்து வைத்து, நாளுக்கு இரண்டு பக்கம் வாசித்து, ஒரு கொப்பியில் இரண்டு நிரலாகச் சொற்களை எழுதட்டும். நாளுக்குப் பத்துச் சொல், நாலு மாதத்தில் ஆயிரத்துக்கு மேல். அந்தக் கொப்பியை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகட்டும்.

பிள்ளையை மட்டும் தனியாக அனுப்பலாமா?

கனடாவில் பெற்றோர் இல்லாமல் படிக்கும் 17 வயதுக்குட்பட்டவருக்குப் பாதுகாவலர் ஒருவரின் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். இங்கிலாந்துச் சிறுவர் மாணவர் விசாவில் அரச பாடசாலையில் படிக்க முடியாது, தனியார் பாடசாலை மட்டுமே. முகவர் ஒருவர் வேறு மாதிரிச் சொன்னால் அவரிடம் காசு கட்டாதீர்கள். ஒன்ராறியோத் தனியார் பாடசாலையென்றால், கிரெடிட் வழங்க அனுமதி உள்ளதா என்று மாகாணக் கல்வி அமைச்சின் பட்டியலில் பாருங்கள். கட்டடமும் சீருடைப் படமும் அனுமதிக்குச் சான்றல்ல.

பல்கலைக்கழகக் கட்டணத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. கனடாவில் நிரந்தர வதிவாளரின் பிள்ளைக்கு உள்நாட்டுக் கட்டணம். இங்கிலாந்தில் நிரந்தர வதிவுரிமையும், படிப்புத் தொடங்கமுன் மூன்று வருட வதிவும் பொதுவாகத் தேவை. வேலை விசாவில் உள்ளவரின் பிள்ளைக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் வரும். பதினாறில் கூட்டிக்கொண்டு போகும்போது பதினெட்டில் வரப்போகும் இந்தச் செலவையும் எழுதி வையுங்கள். கனடாவில் மூன்று, நாலு வருடத்துக்குக் குறைவாகப் படித்தவரிடம் பல பல்கலைக்கழகங்கள் ஐ.ஈ.எல்.ரீ.எஸ். போன்ற ஆங்கிலப் பரீட்சையும் கேட்கும்.

தமிழ் விட்டுப் போகுமே?

விட வேண்டியதில்லை, புள்ளியும் பெறலாம். ரொறன்ரோவில் வார இறுதித் தமிழ் வகுப்பில் உயர்நிலைக் கிரெடிட் எடுக்கலாம். நியூ சவுத் வேல்ஸ் எச்.எஸ்.சி.யிலும், அதைப் போன்ற விக்டோரியா மாநில வீ.சி.ஈ.யிலும் தமிழ் ஒரு பாடம். இத்தனை வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் வருடத்தில் தலை நிமிர்ந்து உட்காரக் கிடைக்கும் ஒரே வகுப்பு பல வேளை அதுதான்.

பிள்ளை வரமாட்டேன் என்கிறார்.

முதலில் காரணத்தைக் கேளுங்கள். “சினேகிதர்” என்பார், உள்ளே பரீட்சைப் பயம் இருக்கும். அல்லது மறுபக்கமாக. பாடசாலைத் தெரிவில் ஒரு உண்மையான முடிவை அவரிடமே விடுங்கள்: இரண்டு பாடசாலையில் எது, எந்த விருப்பப் பாடம், கிரிக்கெட்டா இசையா. பாடத் தெரிவுப் படிவத்தை நீங்கள் நிரப்பிவிட்டு அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள்.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதத்தில் எதைக் கவனிப்பது?

புள்ளியை அல்ல. காலையில் வயிற்று வலி என்கிறாரா, மதியச் சாப்பாட்டை யாரோடு சாப்பிடுகிறார், சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். புட்டும் கறியும் மணக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அதனால் பசியோடு நாலு மணி வரை இருக்கும் பிள்ளைகள் உண்டு. நாலாவது கிழமையில் வழிகாட்டல் ஆலோசகரிடம் நேரம் கேட்டுப் போங்கள், அழைப்பு வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டால் பல இடங்களில் ஒழுங்கு செய்து தருவார்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், ஆசிரியர் சொன்ன குறையில் பாதி உங்களிடம் வந்து சேராது. அந்தச் சந்திப்பில் பாட அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடமாக, இது எந்தப் பிரிவு, இதற்கு அடுத்த படி எது என்று கேளுங்கள். பாடம் மாற்றக் கடைசித் திகதி எதுவென்றும் கேட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.